‘நரம்பு அறுந்துவிட்டது’ என்றால் என்ன பொருள்?

கொல்லிமலையில் மிளகு பறிக்கும் பருவம் தொடங்கினால், ஏணியிலிருந்தோ சில்வர் ஓக் மரத்திலிருந்தோ தவறி விழுந்தவர்கள் மருத்துவமனைக்கு வருவதும் தொடங்கிவிடும். உடன் வருவோர் பலரும் முதலில் சொல்வது, “நரம்பு அறுந்து போச்சுங்க, டாக்டர்” என்பதே.

‘நரம்பு’ என்னும் ஒரே சொல்லால் நாம் மூன்று உறுப்புகளைக் குறிக்கிறோம். கையில் நீலமாகப் புடைத்துத் தெரிவது சிரை. அது இரத்தக் குழாய். ‘நரம்பு ஊசி’ எனப்படுவது உண்மையில் சிரையில்தான் போடப்படுகிறது. தசையை எலும்புடன் பிணைக்கும் உறுதியான கயிறு தசைநாண். மூளை, தண்டுவடம் ஆகியவற்றுக்கும் பிற உறுப்புகளுக்கும் இடையே செய்தி கடத்துவதே நரம்பு. மூன்றுக்கும் சிகிச்சை வெவ்வேறு. எது சேதமுற்றது என்பதை அறியவே மருத்துவர் உங்கள் மூட்டுகளை அசைத்துப் பார்க்கிறார்.

மூட்டசைவுகள்

முழங்கையை வளைப்பது மடக்குதல், நிமிர்த்துவது நீட்டுதல். கையைப் பக்கவாட்டில் உடலிலிருந்து அகற்றுவது விலக்குதல். மீண்டும் உடலோடு ஒட்டுவது சேர்த்தல். இவற்றின் அளவைப் பாகையில் குறிப்பர். ‘முழங்கால் மடக்கம் 90 பாகை’ என்று அறிக்கையில் இருந்தால், நாற்காலியில் அமரலாம். குந்தி உட்கார இயலாது. நீங்கள் சரிவு நிலத்தில் குந்திக் களையெடுப்பவரானால் அதைத் தெரிவியுங்கள். பயிற்சியின் இலக்கை அதற்கேற்ப வகுக்கலாம்.

நீங்களே அசைப்பது தன்னசைவு. பிறர் அசைத்துவிடுவது பிறரசைவு. பிறர் அசைக்கும்போது மூட்டு எளிதாக இயங்கி, நீங்கள் முயலும்போது இயங்காவிட்டால், பழுது மூட்டில் இல்லை. தசை, தசைநாண், நரம்பு ஆகியவற்றுள் ஒன்றில் இருக்கலாம்.

நரம்புகள்

நரம்பின் பணி இரண்டு: உணர்த்துதல், இயக்குதல். மேற்கை எலும்பை ஒட்டிச் செல்லும் ரேடியல் நரம்பு, அவ்வெலும்பு முறியும்போது அடிபடக்கூடும். அப்போது மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்க முடியாமல் கை தொங்கிவிடும். இதுவே மணிக்கட்டுத் தொய்வு. இவ்வகையில் அடிபட்ட நரம்புகள் பெரும்பாலும் தாமே மீள்கின்றன. நரம்பிழைகள் அறுபட்டிருந்தால் அவை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வீதமே வளரும். ஆகவே மாதங்கள் ஆகலாம். அதுவரை தாங்குபட்டையும் பிறரசைவுப் பயிற்சியும் மூட்டு இறுகாமல் காக்கும்.

காத்திருக்கக் கூடாத நிலையும் ஒன்று உண்டு. எலும்பு முறிந்த கையில் கட்டு இறுகினால், உள்ளே வீக்கம் மிகுந்து தசைக்கும் நரம்புக்கும் இரத்தம் செல்வது தடைப்படும். ஏறிக்கொண்டே போகும் வலி, விரலை நீட்டிவிட்டால் தாங்க முடியாத வேதனை, மரத்துப் போதல் ஆகியவை அதன் அறிகுறிகள். சில மணி நேரத்தில் தசை அழியத் தொடங்கும். கட்டியவர் மருத்துவராயினும் நாட்டு வைத்தியராயினும், கட்டைத் தளர்த்தி உடனே புறப்படுங்கள். “விடியட்டும்” என்று காத்திருந்தால் கையையே இழக்க நேரலாம்.

மயக்கமும் மரப்பும்

அறுவை சிகிச்சை அனைத்துக்கும் நினைவிழக்கச் செய்வதில்லை. சிறிய காயத்துக்கு அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்தால் போதும். கை அறுவைக்கு, கழுத்து அல்லது அக்குள் பகுதியில் நரம்புகளைச் சுற்றி மருந்து செலுத்துவோம். அறுவை முடிந்தபின்னும் பல மணி நேரம் கை அசையாதிருப்பது வாதமன்று, மருந்தின் விளைவே. கால் அறுவைக்குத் தண்டுவட மரப்பு ஏற்றது. 1898 முதல் வழக்கில் உள்ள முறை இது. இதில் கால்கள் சில மணி நேரம் மரத்திருந்து மெல்ல மீளும். முழு நினைவையும் நீக்குவது பொது மயக்கம்.

பொது மயக்கத்தில் இரைப்பையில் உள்ளது மேலெழுந்து நுரையீரலுக்குள் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. எனவே திட உணவையும் பால் கலந்த பானங்களையும் குறைந்தது 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்கிறோம். வெறும் தண்ணீரை எப்போது நிறுத்துவது என்பதை மயக்கவியல் மருத்துவர் கூறுவார்.

மலையிறங்கும் முன்

70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்க வேண்டும் என்பதால், அடிபட்டவருக்குத் தெம்புக்காகக் காப்பியோ கஞ்சியோ கொடுப்பது நம் வழக்கம். அன்பின்பாற்பட்ட செயல்தான், ஆயினும் தவிர்த்துவிடுங்கள். கொடுத்திருந்தால் மறைக்காதீர்கள். அதற்காக யாரும் சிகிச்சையை மறுப்பதில்லை. மயக்கம் தரும் முறையை மாற்றிக்கொள்வோம்.

மருத்துவமனையை அடைந்ததும் “நரம்பு அறுந்துவிட்டது” என்பதோடு நிறுத்தாமல் நான்கு செய்திகளைச் சொல்லுங்கள்: எந்த அசைவு இயலவில்லை, எங்கே உணர்ச்சி இல்லை, கட்டு எப்போது போடப்பட்டது, கடைசியாக என்ன உண்டார். இவை தெரிந்தால் சரியான சிகிச்சையை விரைவில் தொடங்க முடியும்.