பானையா, பெட்டியா? ஸ்பீக்கருக்கு ஒரு வீடு!

இந்த மாதம் அறிவியல் பகுதியில் நான் எழுதுவது ஸ்பீக்கர் பெட்டியைப் பற்றி. "இது பையன்கள் சமாச்சாரம்" என்று அடுத்த தாளுக்குப் போய்விடாதீர்கள். நம் கடற்கரையில் இது எல்லார் வீட்டுச் சமாச்சாரம்.

ஏன் தெரியுமா? நம் பக்கம் காற்றுச் செய்தி கேட்காத வீடு இல்லை. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால், எத்தனாம் நம்பர் கூண்டு என்று சின்னப் பிள்ளைகூடக் கேட்கும். மீனவர்களுக்காகவே பாம்பனில் 2016-இல் கடல் ஓசை 90.4 என்ற சமுதாய வானொலி தொடங்கப்பட்டது. 2020 டிசம்பரில் புரெவி புயல் பாம்பன் பக்கம் வந்தபோது எங்க வீட்டில் நாள் முழுக்கச் செய்திதான். "மணிக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர் வேகம்" என்பதும் "அறுபத்தைந்து கிலோமீட்டர் வேகம்" என்பதும் பின்பாதியில் ஒரே மாதிரிதான் கேட்கும். முன்பாதி 'மொம்' என்று அமுங்கிப் போனால் எந்தக் காற்று என்றே தெரியாது. கடலுக்குப் போகிறவங்களுக்கு அது சின்ன வித்தியாசம் இல்லை.

ஃபுல் ரேஞ்ச் என்றால் என்ன?

பெரிய செட்டில் தடித்த சத்தத்துக்கு ஊஃபர், கீச்சுச் சத்தத்துக்கு டுவீட்டர் என்று தனித்தனியாக இருக்கும். ரெண்டு வேலையையும் ஒரே ஸ்பீக்கர் செய்தால் அதுதான் ஃபுல் ரேஞ்ச். பழைய ரேடியோ, டேப் ரெக்கார்டர் பலவற்றில் இருப்பது இதுதான். பின்னால் காந்தம், அதன் இடுக்கில் ஒரு கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டிய தாள் கூம்பு. சுருளில் மின்சாரம் மாறி மாறிப் போகும்போது கூம்பு முன்னும் பின்னும் ஆடும். அந்த ஆட்டம்தான் சத்தம். அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற ரெண்டு பேர் 1925-இல் வெளியிட்ட அமைப்புதான் இன்றைக்கும் பெரும்பாலும் நடக்கிறது.

பெட்டி எதற்கு? அழகுக்கா?

இல்லவே இல்லை! கூம்பு முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று நெருங்கும். அதே நேரம் பின்பக்கக் காற்று விரியும். இந்த ரெண்டும் ஓரத்தில் சந்தித்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். தடித்த சத்தம்தான் இப்படி அதிகம் அழியும். ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. வினாடிக்கு 100 முறை அதிரும் சத்தத்தின் அலை நீளம் 340-ஐ 100-ஆல் வகுத்தால் 3.4 மீட்டர். நம் 4 அங்குல ஸ்பீக்கரின் அகலமோ சுமார் 10 சென்டிமீட்டர். அவ்வளவு பெரிய அலைக்கு இந்தச் சின்ன வட்டம் ஒரு தடையே கிடையாது, சுற்றிக்கொண்டு பின்னால் போய்விடும்.

நீங்களே செய்து பாருங்கள். வெறும் ஸ்பீக்கரில் பாட்டுப் போடுங்கள், தகரம் தட்டின மாதிரி கேட்கும். ஒரு பெரிய அட்டையில் ஸ்பீக்கர் அளவுக்கு ஓட்டை வெட்டி, அதில் ஒட்ட வைத்துப் பிடியுங்கள். அந்த நிமிஷமே மிருதங்கம் கேட்க ஆரம்பிக்கும். அட்டை எவ்வளவு பெரிசோ அவ்வளவு நல்லது. ஆனால் வீட்டில் கதவு அளவுக்கு அட்டை மாட்ட முடியுமா? அதனால்தான் அதை மடக்கிப் பெட்டி ஆக்குகிறோம். பின்பக்கச் சத்தத்தைப் பிடித்து அடைத்து வைக்கும் அறைதான் பெட்டி.

எங்க வீட்டில் மூன்று சோதனை

எங்க சித்தப்பா ரேடியோ ரிப்பேர் தெரிந்தவர். அவரோடு சேர்ந்து ஒரே 4 அங்குல ஸ்பீக்கரை மூன்று விதமாக வைத்துக் கேட்டோம்.

1. தெர்மாக்கோல் மீன் பெட்டி: எளிதாக வெட்டலாம், செலவு இல்லை. ஆனால் அதன் சுவர் ரொம்ப லேசு. ஸ்பீக்கரோடு சேர்ந்து அதுவும் ஆடும். பாட்டோடு மீன் வாசமும் வந்துச்சு! முயற்சி செய்து பார்க்க மட்டும் சரி.

2. மண் பானை: டீக்கடைகளில் முன்பெல்லாம் பானை ஸ்பீக்கர் வைப்பார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டிருப்பீர்கள். சுட்ட மண் விறைப்பானது, சுவர் ஆடாது. உருண்டையாக இருப்பதால் நேருக்கு நேர் சுவரும் இல்லை. பானை வாயில் ஸ்பீக்கரை வைத்தால் ஓரத்தில் கொஞ்சம் இடுக்கு இருக்கும். அந்த இடுக்கில் காற்று உள்ளே போய் வெளியே வரும்போது பானைக்கென்று உள்ள ஒரு சுரம் மட்டும் பெரிதாகக் கேட்கும். காலி பாட்டில் வாயில் ஊதினால் 'பூம்' என்று வருமே, அதே கதைதான். ஜெர்மனி விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19-ஆம் நூற்றாண்டில் இதை விளக்கினார். நம் பக்கத்து மானாமதுரையில் செய்கிற கடத்திலும் இதைப் பார்க்கலாம். வித்வான் கடத்தின் வாயை வயிற்றோடு அழுத்தி, கொஞ்சம் விலக்கி வாசிக்கும்போது சத்தம் மாறுகிறது இல்லையா? வாய் திறக்கும் அளவு மாறினால் உள்காற்றின் சுரமும் மாறும்.

பாட்டுக்குப் பானை அருமை. சித்தப்பா அதை விடவே மாட்டேன்னாரு. ஆனால் செய்தி போட்டதும் எங்க அப்பத்தா, "என்னாத்தா சொல்றான், நாப்பதா அறுபதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாங்க. காரணம் இதுதான்: பேச்சைப் புரிய வைப்பது க, ச, த, ப போன்ற மெய்யொலிகள். அவற்றின் சத்தம் மெலிசு, அதிர்வு அதிகம். பானை தூக்கிவிடும் தடித்த சத்தம் அதை மூடிவிடுகிறது.

3. மூடிய பலகைப் பெட்டி: 'பூம்' குறைவு, பாட்டும் கொஞ்சம் மெலிவுதான். ஆனால் சித்தப்பா போனில் நம்பர்களைப் பேசிப் பதிந்து போட்டுக் காட்டினப்போ, பத்தடி தள்ளி உட்கார்ந்து அப்பத்தா ஒவ்வொன்றையும் சரியாகச் சொன்னாங்க. நாற்பத்தைந்து, அறுபத்தைந்து ரெண்டையும்!

பெட்டி செய்யும் முறை

ஸ்பீக்கர் தேர்வு: கூம்பு கிழியாமல் இருக்க வேண்டும். ரெண்டு பக்கமும் விரல் வைத்து மெதுவாக அழுத்துங்கள். 'சர்ர்' என்று உரசினால் வேண்டாம். 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் மட்டும் தொட்டால் 'டக்' என்று கேட்க வேண்டும். 4 ஓம், 8 ஓம் என்று பின்னால் போட்டிருக்கும். செட்டில் 8 ஓம் என்று இருந்தால் 4 ஓம் ஸ்பீக்கர் மாட்டாதீர்கள், செட் சூடாகிவிடும்.

அளவு: 4 அங்குல ஸ்பீக்கருக்கு 5 முதல் 10 லிட்டர் வரை பார்க்கலாம். உள்ளளவு 30 × 20 × 17 சென்டிமீட்டர் என்றால் 10,200 கன சென்டிமீட்டர், அதாவது சுமார் 10 லிட்டர். நம் கணக்குப் புத்தகத்தில் வரும் கனச்செவ்வகம்தான்! மூன்று பக்கமும் சமமாக வைக்காதீர்கள். வைத்தால் மூன்று திசையிலும் ஒரே சுரம் எதிரொலித்து அது மட்டும் துருத்திக்கொண்டு கேட்கும். ரொம்பச் சின்னப் பெட்டியும் ஆகாது. உள்காற்று சைக்கிள் பம்ப் வாயை அடைத்த மாதிரி விறைத்து, கூம்பை ஆட விடாது.

பலகை: 12 மில்லிமீட்டர் பிளைவுட் போதும். மூட்டுகளில் பசை தடவி ஸ்குரு போட்டு, இடுக்கை எம்சீல் வைத்து அடைக்கணும். ஸ்பீக்கருக்கும் பலகைக்கும் நடுவில் பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி வைத்தால் காற்று கசியாது. உள்ளே பழைய தலையணையின் இலவம் பஞ்சை லேசாக உதிர்த்துப் போடுங்கள், திணிக்க வேண்டாம். உள்ளே சுற்றும் சத்தத்தைப் பஞ்சு குடித்துவிடும்.

"கடையில் வாங்கும் பெட்டியில் ஒரு குழாய் ஓட்டை இருக்கிறதே?" என்று கேட்பீர்கள். அதுவும் பானைத் தத்துவம்தான். ஆனால் அந்தக் குழாயின் நீளமும் அகலமும் ஸ்பீக்கருக்குப் பொருந்த வேண்டும். ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961-இல் அதற்குக் கணக்கு முறை தந்தார். அந்தக் கணக்குக்கு ஸ்பீக்கரின் பல அளவுகள் வேண்டும். பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய ஸ்பீக்கரில் அதெல்லாம் எழுதியிருக்காது. அதனால் நமக்கு மூடிய பெட்டிதான் நம்பகமானது.

உப்புக் காற்றை மறக்காதீங்க!

நம் ஊரில் ஆணியே துருப்பிடித்துப் போகிறது, ஸ்பீக்கர் எம்மாத்திரம்? பெட்டிக்கு வெளியே எல்லாப் பக்கமும் பெயிண்ட் அடியுங்கள், இல்லாவிட்டால் பிளைவுட் ஊறி உப்பிவிடும். ஆனால் தாள் கூம்பில் பெயிண்ட் அடிக்கவே கூடாது. கனம் கூடி, மெல்லிய சத்தம் செத்துப் போகும். முன்னால் மெல்லிய துணி கட்டினால் போதும். வாடைக் காற்று நேராக அடிக்கும் பக்கம் வைக்காமல் தாழ்வாரத்தில் வையுங்கள். சுவர் மூலையில் ஒட்டி வைத்தால் தடித்த சத்தம் கூடிவிடும், செய்திக்கு அது வேண்டாம். கீச்சுச் சத்தம் டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகத்தான் போகும். அதனால் வலை பின்னுகிறவங்க முகத்தைப் பார்த்தபடி, காது உயரத்தில் வைக்கணும்.

முடிவாக ஒன்று. "எந்தப் பெட்டி நல்லது?" என்று கேட்பதற்கு முன்னால் "எதைக் கேட்கப் போகிறோம்?" என்று கேளுங்கள். பாட்டுக்குப் பானை, காற்றுச் செய்திக்கு மூடிய பெட்டி. எங்க வீட்டில் இப்போ ரெண்டும் இருக்கு, சண்டையும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை வருவதற்குள் உங்க வீட்டுப் பழைய ரேடியோ ஸ்பீக்கருக்கும் ஒரு வீடு கட்டுங்கள். கட்டி முடித்ததும் வீட்டிலேயே வயசானவங்களைப் பத்தடி தள்ளி உட்கார வைத்து, நாற்பத்தைந்தையும் அறுபத்தைந்தையும் சொல்லச் சொல்லுங்கள். அவங்க சரியாகச் சொன்னால் உங்கள் பெட்டி பாஸ்!

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி