‘நீயும் அங்கதானே இருந்தே?’

ஓர் அமைப்பை விட்டு வந்து அதன் உள்விவகாரத்தைச் சொல்பவர்மீது முதலில் வீசப்படும் கேள்வி இது. அமைப்பின் ஆள் மட்டுமல்ல, சில சமயம் நம்ம ஆளே கேட்கிறார். உள்ளே இருந்தபோது பேசாதவனுக்கு இப்போது பேச அருகதை இல்லை என்பது இதிலுள்ள தர்க்கம். வெளியே இருந்தவன் பேசினாலோ ‘உனக்கென்ன தெரியும்’ என்று வாயடைத்துவிடலாம். ஆக, யாருமே பேச முடியாது. அதிகாரத்துக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

கோவிந்தனின் ‘புதியதோர் உலகம்’ நாவலை இந்தக் கேள்வியோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. 1985இல் புளொட் இயக்கத்திலிருந்து வெளியேறிய ‘தீப்பொறி’க் குழுவைச் சேர்ந்தவர் அவர். அதே வருஷம் நாவல் வந்துவிட்டது. பயிற்சி முகாம், கேள்வி கேட்ட பையன்கள்மீது விழும் உளவாளி முத்திரை, சித்திரவதை, கொலை. இதெல்லாம் இலங்கை ராணுவத்தின் பிடியில் நடந்ததல்ல. ஒரத்தநாட்டுப் பக்கம், நம்ம தஞ்சாவூர் ஜில்லாவில் நடந்தது. மேடைகளில் ஈழத்துக்காகக் கைதட்டிய தமிழகம் இதைக் கேட்க விரும்பவில்லை.

ஏன் நாவல்? பெயரும் தேதியும் போட்டு அறிக்கையாகவே எழுதியிருக்கலாம். ஆனால் பெயரைச் சொன்னால் உள்ளே மிச்சமிருப்பவன் சாவான். புனைபெயர் இங்கே இலக்கிய உத்தி அல்ல, உயிர்ச் சமாச்சாரம். இன்னொன்றும் உண்டு. அறிக்கை ‘அவர்கள்’ என்றே எழுதும். வந்து சேர்ந்த பையனின் நம்பிக்கை எப்படி மௌனமாகிறது, மௌனம் எப்படி உடந்தையாகிறது என்பதைச் சொல்ல ‘நாங்கள்’ வேண்டும். உள்ளிருந்தவரின் சாட்சியம் கனம் பெறுவது அந்த ‘நாங்க’ளில்தான்.

கிளியனூரிலிருந்து கிழக்கே கடற்கரைச் சாலைக்குப் போனால் கீழ்ப்புத்துப்பட்டில் ஈழ அகதிகள் முகாம். (2021இல் அரசு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயரை மாற்றியது.) அங்கே இந்த நாவலைப் பற்றிப் பேச்செடுத்தபோது ஒரு பெரியவர், ‘அந்தக் கதையெல்லாம் இப்ப ஏன் தம்பி? கதைச்சா ரெண்டு பக்கமும் கோவிப்பாங்கள்’ என்றார்.

ரெண்டு பக்கமும் என்பது சரியான கணிப்பு. ஒரு பக்கம் துரோகி என்கும். மறுபக்கம் ‘பார்த்தியா, அவனே சொல்றான்’ என்று சாட்சியத்தைத் தன் பைக்குள் போட்டுக்கொள்ளும். கம்யூனிசத்தை விட்டு வந்த எழுத்தாளர்களின் ‘தோற்றுப்போன கடவுள்’ தொகுப்பு 1949இல் வந்தபோது, கட்சியை விட்டவர்கள் எதிர்முகாமின் சிப்பாய்களாவதைத்தான் ஐசக் டாய்ச்சர் கண்டித்தார். கோவிந்தன் அப்படிப் போகவில்லை. எந்த அரசிடமும் ஒதுங்கவில்லை. 1991இல் புலிகள் பிடித்துப் போனார்கள், திரும்பி வரவேயில்லை. தொடக்கத்தில் புலிகளோடு வேலை செய்த மருத்துவர் ரஜனி திராணகம, ‘முறிந்த பனை’யை எழுதிய நால்வரில் ஒருவர். இந்திய ராணுவத்தையும் விடவில்லை, இயக்கங்களையும் விடவில்லை. 1989 செப்டம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் சுடப்பட்டார்.

அரசுக்குள்ளிருந்து வரும் சாட்சியம் நம்மிடம் மிகக் குறைவு. ஓய்வுபெற்ற அதிகாரிகளின் நினைவுக்குறிப்புகள் இருக்கின்றன. அவற்றில் எழுதுபவர் கை மட்டும் எப்போதும் சுத்தமாயிருக்கும். விதிவிலக்கு பக்கத்துக் கேரளத்தில் இருக்கிறது. 1970 பிப்ரவரி 18 அன்று வயநாட்டில் நக்சலைட் தோழர் வர்கீஸ் மோதலில் செத்தார் என்று போலீஸ் சொன்னது. 28 வருஷம் கழித்து, 1998இல், மத்திய ரிசர்வ் போலீஸின் முன்னாள் கான்ஸ்டபிள் ராமச்சந்திரன் நாயர் சொன்னார்: மோதல் இல்லை, பிடித்துவைத்திருந்தவரை மேலதிகாரி உத்தரவிட்டபடி நான்தான் சுட்டேன்.

‘நீயும் அங்கதானே இருந்தே’ என்று இவரிடம் யாரும் கேட்க முடியாது. அதைத்தான் அவர் சொல்ல வந்ததே. சட்டம் அவரையும் குற்றவாளிக் கூண்டில்தான் ஏற்றியது. உத்தரவிட்ட லட்சுமணாவுக்கு, அதற்குள் ஐஜி பதவிவரை உயர்ந்து ஓய்வும் பெற்றிருந்தவர், 2010இல் சிபிஐ நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. நாயர் 2006லேயே இறந்துபோயிருந்தார், குற்றம் சாட்டப்பட்டவராகவே.