வீசிங் இருந்தா ஓடலாமா?

இந்த வாரம் நிறைய பேர் கேட்ட கேள்வி: "ஆஸ்துமா இருக்கு, ஓடலாமா? ஜிம்முக்குப் போகலாமா?"

எனக்கும் சின்ன வயசுலேர்ந்து ஆஸ்துமா இருக்கு. நான் ஓடறேன். பாலா ராட்கிளிஃப் ஆஸ்துமாவோடதான் 2003 லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிஷம் 25 விநாடியில ஓடி உலக சாதனை படைச்சாங்க.

வேகமா ஓடும்போது வாய் வழியா நிறைய காத்து இழுப்போம். மூக்கு அளவுக்கு வாய் அதைச் சூடாக்காது, ஈரமாக்காது. மூச்சுக்குழாய் உலர்ந்து சுருங்கிடும். பல நேரம் ஓடி முடிச்ச பிறகுதான் இழுப்பு அதிகமாகும். அதை ஸ்டாமினா இல்லைன்னு நினைச்சுடாதீங்க.

நான் செய்யறது இதுதான். டாக்டர் சொன்னபடி 10-15 நிமிஷம் முன்னாடி இன்ஹேலர். அப்புறம் 10-15 நிமிஷம் நடை, நடுநடுவே சின்ன ஓட்டம். முடிக்கும்போதும் படிப்படியா வேகத்தைக் குறைப்பேன். சளி பிடிச்சிருந்தாலோ, போகி மாதிரி புகை நாள்லயோ ஓட மாட்டேன். ரிலீவர் எப்பவும் பாக்கெட்ல இருக்கும்.

ஒரு முழு வாக்கியம் பேச மூச்சு பத்தலைன்னா உடனே நிறுத்துங்க. நிமிர்ந்து உட்கார்ந்து ரிலீவர் எடுங்க. குறையலைன்னா ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க, காத்திருக்காதீங்க.

முக்கியமா, தினமும் எடுக்கச் சொன்ன இன்ஹேலரை "இப்ப நல்லாத்தானே இருக்கேன்"னு நீங்களா விட்டுடாதீங்க. நல்லா இருக்கறதே அதனாலதான். அதை எடுத்தும் அடிக்கடி ரிலீவர் தேவைப்பட்டா, ஓட்டத்தை விடறதுக்கு முன்னாடி டாக்டரைப் பாருங்க. மாத்த வேண்டியது மருந்தா இருக்கலாம்.