சுட்டவர் மட்டுமல்ல, வாங்கியவரும் குற்றவாளிதான்: கழுவெளிக் கரையில் அறிய வேண்டிய வனவிலங்குச் சட்டம்

ஒரு கோணிப்பை. உள்ளே கொக்குகளும் மடையான்களும். பறக்க முடியாதபடி இறக்கைகளை முதுகுப்புறமாக முறுக்கி ஒன்றோடொன்று பின்னியிருப்பார்கள். கால்கள் நாரால் கட்டப்பட்டிருக்கும். சிலவற்றுக்கு இன்னும் உயிர் இருக்கும். ஜோடிக் கணக்கில் விலை பேசி முடிந்ததும் அங்கேயே கழுத்தைத் திருகி, இறகு பிடுங்கி, நெருப்பில் வாட்டிப் பையில் போட்டுக் கொடுப்பார்கள். வாங்கியவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். பிடிபட்டால் மாட்டுவது விற்றவர்தான், நமக்கென்ன என்பது அவர் நினைப்பு.

அந்த நினைப்பு தவறு. வனவிலங்கு (பாதுகாப்புச்) சட்டம், 1972 அந்தப் பையைப் பிடித்த ஒவ்வொரு கையையும் குற்றவாளியின் கையாகவே பார்க்கிறது. கிளியனூர், மரக்காணம், வானூர் வட்டாரத்து மக்கள் இதை மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தெரிந்துகொள்ள வேண்டும். காரணம், நம் பக்கத்தில் இருப்பது ஒரு சரணாலயம்.

வாசலில் ஒரு சரணாலயம்

கிளியனூருக்குக் கிழக்கே, மரக்காணம் உப்பளங்கள் வரை விரிந்து கிடக்கிறது கழுவெளி. பழவேற்காட்டுக்கு அடுத்தபடியாகத் தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. உப்பங்கழி வழியாகக் கடலோடு தொடர்புள்ளது. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி, கோடையில் வற்றும். ஆழம் குறைவு என்பதால் நீரில் நின்று இரை தேடும் பறவைகளுக்கு ஏற்ற இடம். மழைக்குப் பிறகு ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, உள்ளான் எனப் பல வகைப் பறவைகள் மத்திய ஆசியாவிலிருந்தும் அதற்கு வடக்கிலிருந்தும் வந்து சேர்கின்றன. பூநாரையும் கூழைக்கடாவும் உப்பளத்துப் பாத்திகளில்கூட இறங்கும்.

2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு இதை மாநிலத்தின் 16-ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பரப்பு 5,000 ஹெக்டேருக்கும் அதிகம். 2024 ஆகஸ்டில் திருப்பூர் நஞ்சராயன் குளத்தோடு சேர்த்து இதற்கும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்னும் ராம்சர் தகுதி கிடைத்தது. ஆழமில்லாத ஏரி, நாலாபுறமும் ஊர்கள், எந்தப் பக்கத்திலிருந்தும் இறங்கலாம். பறவைக்கு வசதியான இதே அமைப்புதான் வேட்டைக்காரருக்கும் வசதியாகிவிடுகிறது.

சட்டம் எதை வேட்டை என்கிறது?

சுடுவது மட்டும்தான் வேட்டை என்று பலர் நினைக்கிறார்கள். சட்டத்தில் அந்தச் சொல்லின் எல்லை மிகப் பெரிது. கண்ணி வைப்பது, வலை விரிப்பது, விஷம் வைப்பது, விரட்டிப் பிடிப்பது, காயப்படுத்துவது, கூட்டைக் கலைப்பது, முட்டையை எடுப்பது எல்லாமே வேட்டைதான். பறவை கையில் சிக்காமல் தப்பிவிட்டாலும் முயற்சியே குற்றம். உண்டிவில்லும் வேட்டைக் கருவியாகலாம்.

2022-இல் திருத்தப்பட்ட சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நம் பகுதியில் ஆள் வைத்துப் பிடிக்கப்படும் கொக்கு, மடையான், உள்ளான், நீர்க்கோழி, கௌதாரி, காட்டு முயல் எல்லாம் பாதுகாக்கப்பட்டவை. மயில், உடும்பு, கடலாமை ஆகியவை முதல் அட்டவணையில், உச்சகட்டப் பாதுகாப்பில் உள்ளன. பண்ணையில் வளரும் ஜப்பானியக் காடையையும் வளர்ப்பு முயலையும் காட்டி, ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள்.

மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை

சரணாலயத்துக்கு வெளியே கொக்கையோ மடையானையோ வேட்டையாடினால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் சரணாலய எல்லைக்குள் வேட்டையாடினால் கணக்கே வேறு. குறைந்தபட்சம் மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. அது எந்தப் பறவையாக இருந்தாலும் சரி. முதல் அட்டவணை உயிரினம் என்றால் சரணாலயத்துக்கு வெளியிலும் இதே தண்டனைதான்.

குறைந்தபட்சத் தண்டனை உள்ள குற்றங்களை இணக்கக் கட்டணம் கட்டி முடித்துக்கொள்ளச் சட்டம் இடம் தரவில்லை. இந்தச் சட்டத்தின்கீழ் ஏற்கெனவே தண்டனை பெற்றவர் என்றால் ஜாமீனும் எளிதல்ல, அரசு வழக்கறிஞரின் வாதத்தைக் கேட்ட பிறகே நீதிமன்றம் முடிவெடுக்கும். ‘ஏதாவது ஃபைன் போட்டு விட்டுடுவாங்க’ என்ற பேச்சை நம்பி ஏரிக்குள் இறங்கும் இளைஞன், வெளிநாட்டு வேலைக்கோ அரசு வேலைக்கோ போகும் வயதில் குற்ற வழக்கோடு நிற்பான்.

இனி அந்தக் கோணிப்பைக்கு வருவோம். உரிமம் பெற்றவரிடமிருந்து அல்லாமல் காட்டுயிரையோ அதன் இறைச்சியையோ வாங்குவதையும் பெறுவதையும் சட்டத்தின் 49-ஆவது பிரிவு தடை செய்கிறது. காசு கொடுத்தவரும் இந்தத் தடைக்குள் வருகிறார். ‘சும்மா கொடுத்தாங்க’ என்று வாங்கிக்கொண்டவரும் வருகிறார். 57-ஆவது பிரிவு இன்னும் கடுமையானது. ஒருவரிடம் அந்த இறைச்சி இருந்தது என்று நிறுவப்பட்டால், அது சட்டவிரோதமாக வந்ததல்ல என்று காட்டும் பொறுப்பு அவரைச் சேரும். பொதுவாகக் குற்றத்தை நிரூபிப்பது அரசின் வேலை. இங்கே சுமை வைத்திருந்தவர் தலையில். ஏற்றிச் சென்ற பைக், ஆட்டோ, படகு எல்லாம் கைப்பற்றப்படும். வண்டியை இரவல் கொடுக்கும்முன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ‘ஸ்பெஷல்’ என்று மறைபெயரில் பரிமாறும் கடைக்காரர்களுக்கும் இது பொருந்தும்.

துப்பாக்கி உரிமம் வேட்டை உரிமமல்ல

பயிர்ப் பாதுகாப்புக்கென உரிமம் வாங்கிய துப்பாக்கி சில வீடுகளில் இருக்கும். அந்த உரிமம் எந்த உயிரையும் சுடும் அனுமதியைத் தருவதில்லை. சரணாலயத்துக்குள் அனுமதியின்றி ஆயுதத்தோடு நுழைவதே தனிக் குற்றம்.

பலருக்குத் தெரியாத விதி ஒன்று இருக்கிறது. சரணாலயம் அறிவிக்கப்பட்டால், அதற்குள்ளும் அதைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள்ளும் வசிக்கும் துப்பாக்கி உரிமதாரர்கள் மூன்று மாதத்துக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். அந்த வட்டத்துக்குள் புதிய உரிமம் வழங்கவும் அவரது முன் இசைவு தேவை. 34-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. உங்கள் ஊர் இந்த வட்டத்துக்குள் வருகிறதா, உங்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று வனச்சரக அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிவையுங்கள். வேட்டை வழக்கில் தண்டனை பெற்றால் உரிமத்தை ரத்து செய்யவும், ஐந்து ஆண்டுக்குப் புது உரிமம் பெற முடியாதபடி உத்தரவிடவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

உரிமமில்லா நாட்டுத் துப்பாக்கி என்றால் ஆயுதச் சட்டம், 1959 தனியாகப் பாயும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதை வைத்திருப்பதற்கே குறைந்தது இரண்டு ஆண்டு சிறை. தயாரித்து விற்பவருக்குக் குறைந்தது ஏழு ஆண்டு. குறைந்த விசையுள்ள ஏர்கன்னுக்கு உரிமம் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் அதைக் கொண்டு கொக்கைச் சுட்டாலும் அது வேட்டைதான்.

விஷம், வெடி, மின்வேலி

குருணை மருந்து கலந்த நெல்லைத் தூவிப் பறவைகளைக் கொல்லும் வழக்கம் எல்லாவற்றிலும் கொடியது. பறவையைக் கொன்ற நஞ்சு இறைச்சியிலும் இருக்கும். மேயவந்த ஆட்டையும் கோழியையும் கொல்லும். சுட்ட பறவையில் ஈய ரவை தங்கியிருக்கும். குழந்தைகளின் உடலுக்கு ஈயம் பெருங்கேடு. அவுட்டுக்காய் என்னும் வெடி உருண்டை காட்டுப்பன்றிக்கென வைக்கப்பட்டுப் பசுவின் வாயைக் கிழித்த கொடுமைகளைத் தமிழ்நாட்டுக் கிராமங்கள் அறியும். அதைச் செய்வது வெடிபொருள் சட்டத்தின்படியும் குற்றம்.

பயிரைக் காக்க நேரடியாக மின்சாரம் பாய்ச்சும் கம்பி வேலியில் சிக்கி மனிதர்களே இறந்துபோகிறார்கள். இறந்தவர் பக்கத்து வயல்காரராகவும் இருக்கலாம், சொந்தப் பிள்ளையாகவும் இருக்கலாம். அப்போது வேலி போட்டவர் மீது மனித உயிரைப் பறித்த வழக்கு வரும். பயிர் அழிந்தால் உடனே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனத்துறையிடமும் எழுத்தில் மனு கொடுத்து நிவாரணம் கேளுங்கள். பதிவு எண்ணோ ஒப்புகையோ இல்லாத மனு, கொடுக்காத மனுதான். உயிருக்கு ஆபத்தான நிலையில் தன்னையோ பிறரையோ காக்க நல்லெண்ணத்தோடு ஒரு விலங்கைக் கொல்ல நேர்ந்தால் அது குற்றமாகாது. ஆனால் அதன் உடல் அரசின் சொத்து. மறைக்காமல் தகவல் தர வேண்டும்.

கூண்டுக் கிளியும் குற்றமே

பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது அன்பின் அடையாளமாகத் தோன்றலாம். நம் நாட்டுக் கிளிகள் எல்லாம் பாதுகாக்கப்பட்ட காட்டுப் பறவைகள். பொந்திலிருந்து எடுத்து விற்கப்படும் குஞ்சுகளில் பல, வாங்குபவரின் வீட்டை அடையும் முன்பே செத்துவிடுகின்றன. 2024 நாடாளுமன்றத் தேர்தலின்போது கடலூரில் கிளி ஜோசியர் ஒருவரை வனத்துறையினர் பிடித்துக் கிளிகளைக் கைப்பற்றிய பிறகுதான் பலருக்கு இந்தச் சட்டம் இருப்பதே தெரிந்தது. வீட்டில் கிளி இருந்தால் வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

பிடிபட்டவருக்கும் உரிமை உண்டு

நரிக்குறவர், இருளர் என்றாலே வேட்டைக்காரர் என்று முத்திரை குத்துவது அநீதி. 1871-இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தின் எச்சம் அது. துப்பாக்கி ஏந்தியவர் ஏழையாக இருப்பார். வறுவலுக்குக் காசு கொடுத்தவர் காரில் வந்திருப்பார். வழக்கு முதலாமவரோடு நின்றுவிடக் கூடாது.

கைதானவருக்குக் காரணம் சொல்லப்பட வேண்டும். குடும்பத்துக்குத் தகவல் போக வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். உதவி வனப் பாதுகாவலர் அல்லது அதற்கு மேற்பட்ட அதிகாரி, குற்றம் சாட்டப்பட்டவர் முன்னிலையில் பதியும் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சான்றாக ஏற்கப்படும். அதனால் எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ரசீது இல்லாமல் கேட்கப்படும் பணம் லஞ்சம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

ஊர்மக்கள் செய்யக் கூடியவை

சரணாலயம் வந்ததால் ஊரின் உரிமைகள் தாமாக அழிந்துவிடுவதில்லை. மேய்ச்சல், பாதை, தண்ணீர், மீன்பிடிப்பு ஆகியவற்றில் வழிவழியாக வந்த உரிமை இருந்தால், அதை மாவட்ட ஆட்சியர் விசாரித்து முடிவெடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. குடிக்கவும் வீட்டுத் தேவைக்கும் தண்ணீர் எடுப்பது தடையில்லை என்று 2022 திருத்தம் தெளிவாக்கியிருக்கிறது. உரிமையைக் கிராம சபையில் தீர்மானமாக்கி, சான்றுகளோடு ஆட்சியரிடம் கொடுங்கள்.

வேட்டையையோ விற்பனையையோ கண்டால் நீங்களே மல்லுக்கட்ட வேண்டாம். அவர்கள் கையில் துப்பாக்கி இருக்கலாம். இடம், நேரம், வண்டி எண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள், அவசரமென்றால் 112. புகார் கிடப்பில் போடப்பட்டால், 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுக் குடிமகன் எவரும் நேரே நீதிமன்றத்தில் முறையிட 55-ஆவது பிரிவு வழி தருகிறது. குற்றத்தைக் கண்டுபிடிக்க உதவியவருக்கு அபராதத் தொகையில் பாதி வரை வெகுமதியாகத் தர நீதிமன்றம் உத்தரவிடலாம்.

சட்டம் அச்சத்தைத் தரும், பிழைப்பைத் தராது. பிழைப்புக்கு வழிகாட்டிய முன்னுதாரணமும் நம் கடற்கரையிலேயே இருக்கிறது. பாம்புத்தோல் வணிகம் தடைபட்டபோது வாழ்விழந்த இருளர்கள், 1978-இல் வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். பாம்பைக் கொல்லாமல் நஞ்சை மட்டும் எடுத்து, உரிய அனுமதியோடு மருந்துக்கு விற்கிறார்கள். நாடெங்கும் பாம்புக்கடிக்குப் போடும் ஊசிமருந்துக்கு அந்த நஞ்சு பயன்படுகிறது. நாகாலாந்தின் பாங்டி கிராமத்தில் 2012-இல் அமூர் வல்லூறுகளை வலைபோட்டுப் பெருமளவில் கொன்றவர்கள், மறு ஆண்டே வேட்டையை நிறுத்திக் காவலர்களானார்கள். கழுவெளியின் சந்து பொந்தெல்லாம் அறிந்த வேட்டைக்காரரைவிடச் சிறந்த பறவைக் காவலரும் வழிகாட்டியும் கிடைக்கமாட்டார். அந்த வேலையை அவர்களுக்கு முதலில் கொடுக்க அரசு முன்வர வேண்டும்.

நமக்கு வடக்கே வேடந்தாங்கல் மக்கள், பறவைகளைச் சுட்ட சிப்பாய்கள் மீது ஆங்கிலேய ஆட்சியிலேயே புகார் கொடுத்து, 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்பு ஆணை பெற்றவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அறிந்திருந்தார்கள். அவர்களுக்குத் துணைநிற்க அன்று இப்படியொரு சட்டம் இல்லை. நமக்கு இருக்கிறது. அடுத்த கிராம சபையில் ஒரே ஒரு தீர்மானம் போடுங்கள்: எங்கள் ஊரில் காட்டுப்பறவை இறைச்சியை யாரும் வாங்க மாட்டோம். வாங்க ஆளில்லாத இடத்தில் யாரும் கண்ணி வைக்க மாட்டார்கள்.