பழுப்பு ஆறும் நீலக் கடலும்

கொல்கத்தா நகரில் ஹூக்ளி நதிக்கரையை ஒட்டி அமைந்துள்ள பகுதி கிடர்பூர். 1892-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கப்பல் துறை இதன் சிறப்பு. இத்துறையின் மேடைமீது நின்று கீழே நோக்குவோருக்குக் கலங்கிய பழுப்பு நீரே தென்படும். இங்கிருந்து புறப்படும் கப்பல், ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தூரம் ஆற்று வழியே சென்று வங்கக் கடலை அடைகிறது. அதன்பின் பழுப்பு நிறம் படிப்படியாக வெளிறிப் பச்சையாகிறது, ஆழ்கடலிலோ கருநீலமாகிறது. இரண்டிடத்திலும் இருப்பது நீர்தான். அதன்மேல் விழுவதும் அதே சூரிய ஒளிதான். அவ்வாறாயின் நிறம் வேறுபடுவதேன்? ஒளி ஒரு பொருளைச் சந்திக்கும்போது நிகழ்வன யாவை என்று அறிந்தால் இக்கேள்விக்கு விடை கிடைக்கும்.

நீர்ப்பரப்பில் நிகழ்வன

ஒளி நீரின் மேற்பரப்பை அடைந்ததும் இரு கூறாகப் பிரிகிறது. ஒரு கூறு திரும்பி விடுகிறது, இது பிரதிபலிப்பு. நேர் மேலிருந்து விழும் ஒளியில் நூற்றில் இரண்டு பங்கே இவ்வாறு திரும்பும். ஒளி சாய்வாக விழ விழ இப்பங்கு பெருகும். நண்பகலில் மங்கித் தோன்றும் துறை நீர், மாலைச் சூரியன் தாழ்ந்ததும் கண்ணைப் பறிக்கும்படி பளபளப்பது இதனாலேயே.

மற்றக் கூறு நீருக்குள் புகுகிறது. வெற்றிடத்தில் வினாடிக்கு 3,00,000 கிலோமீட்டர் செல்லும் ஒளி, நீரினுள் ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டரே செல்கிறது, சாதாரணக் கண்ணாடியில் 2,00,000, வைரத்திலோ 1,24,000. வேகம் மாறுவதால், சாய்வாக வரும் ஒளி தன் பாதையினின்றும் விலகுகிறது. இதுவே ஒளி விலகல். நீரில் பாதி அமிழ்ந்த துடுப்பு வளைந்ததுபோலத் தோன்றுவதும், தெளிந்த நீருள்ள நான்கு மீட்டர் ஆழமான கிணறு மேலிருந்து பார்ப்பவருக்கு மூன்று மீட்டர் ஆழமே உள்ளதுபோலத் தோன்றுவதும் இதன் விளைவுகளே.

நீரின் உள்ளே நிகழ்வன

உட்புகுந்த ஒளிக்கு மேலும் இரு கதிகள் உண்டு. ஒன்று, உறிஞ்சப்படுதல். தூய நீர் நிறமற்றது என்று கருதுகிறோம். ஒரு குவளை நீரைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் நீர் சிவப்பொளியைச் சிறிது சிறிதாக உறிஞ்சும் இயல்புடையது. ஐந்து மீட்டர் ஆழம் செல்வதற்குள் சிவப்பின் பெரும் பகுதி மறைந்துவிடும். நீல ஒளியோ பல பத்து மீட்டர் ஆழம்வரை செல்ல வல்லது.

மற்றொன்று, சிதறல். ஒளியின் வழியில் குறுக்கிடும் நுண்ணிய மூலக்கூறுகள் அதனைப் பல திசைகளிலும் தெறிக்கச் செய்கின்றன. அலைநீளம் குறைந்த ஒளியே இவ்வாறு மிகுதியாகச் சிதறும். ஊதா ஒளி சிவப்பொளியைப்போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு சிதறுகிறது. ஆகவே ஆழ்கடலிலிருந்து நம் கண்ணை நோக்கித் திரும்பி வரும் ஒளி, சிவப்பை இழந்து, நீலம் மிகுந்ததாயிருக்கிறது.

கிடர்பூர் நீரில் நடப்பது வேறு. கங்கைச் சமவெளியின் வண்டல் அதில் மிதக்கிறது. வண்டல் துகள்கள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பன்மடங்கு பெரியவை. இத்தகைய துகள்கள் எல்லா நிறங்களையும் ஏறத்தாழச் சமமாகவே சிதறச் செய்யும். ஒளி புகவிடும் கற்கண்டை இடித்துப் பொடியாக்கினால் வெண்மையாகத் தோன்றுவதைக் காண்கிறோம் அன்றோ? அதுபோன்றதே இதுவும். ஆனால் வண்டலிலுள்ள இரும்பு ஆக்சைடுகள் நீல ஒளியை உறிஞ்சிவிடுகின்றன, எஞ்சுவது பழுப்பு. மேலும், ஒளி ஆழத்திற்குச் செல்வதற்கு முன்பே துகள்கள் அதனைத் திருப்பி விடுவதால், நீரின் இயல்பான நீலம் வெளிப்பட வழியே இல்லை.

ராமன் கண்ட கடல்

கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்று பிரிட்டிஷ் விஞ்ஞானி ராலே பிரபு கருதினார். கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்த சி. வி. ராமன், 1921-இல் ஆக்ஸ்போர்டு நகரில் கூடிய பல்கலைக்கழக மாநாட்டிற்குச் சென்று, 'நார்குண்டா' என்னும் கப்பலில் தாயகம் திரும்பினார். வழியில் அவர் இக்கருத்தைச் சோதித்தார். நீர்ப்பரப்பில் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பிரதிபலிக்கும் ஒளியின் அலைகள் ஒரே தளத்தில் அதிர்கின்றன. நிக்கோல் பட்டகம் என்னும் சிறு கருவியைத் தக்கவாறு திருப்பினால் அவ்வொளியை அறவே தடுத்துவிடலாம். ராமன் அதனைத் தடுத்துப் பார்த்தார். கடலின் நீலம் மறையவில்லை. முன்னிலும் ஆழ்ந்து விளங்கியது. நீலம் வானிலிருந்து வந்ததன்று, நீருக்குள்ளிருந்தே வருகிறது என்பது தெளிவாயிற்று.

நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறச் செய்வதே இதற்குக் காரணம் என்றார் ராமன். நீர் சிவப்பை உறிஞ்சுவதும் இதில் பெரும் பங்கு கொள்கிறது என்பது இன்றைய அறிவு. ஆயினும் அவ்வினா அத்துடன் நிற்கவில்லை. கொல்கத்தாவின் பௌபஜார் தெருவிலிருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் ராமனும் கே. எஸ். கிருஷ்ணன் முதலிய மாணவர்களும் பல திரவங்களில் ஒளிச் சிதறலை ஆராய்ந்தனர். சிதறிய ஒளியின் மிகச் சிறு பகுதி, தன் நிறமே மாறி வெளிவருவதை 1928 பிப்ரவரி 28 அன்று அவர்கள் உறுதி செய்தனர். அம்மாற்றம் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தன்மை உடையது. 1930-இல் ராமனுக்கு நோபல் பரிசு பெற்றுத் தந்த இந்த விளைவு, இன்று மருந்துகளையும் மணிக்கற்களையும் சிதைக்காமலே இனங்காண உதவுகிறது.

நிறமே அளவுகோல்

நீரின் நிறத்தை ஆராய்வது கண்ணுக்கு விருந்து மட்டுமன்று. துறைமுகத்தின் வாழ்வும் அதனுடன் பிணைந்துள்ளது. கிடர்பூர்த் துறை, நீரடைப்புக் கதவுகளால் ஆற்றினின்றும் பிரிக்கப்பட்டது. கதவுகள் வழியே புகும் ஆற்றுநீர் உள்ளே அசைவின்றி நிற்கும்போது வண்டல் அடியில் படிகிறது; அதனை வாரி அகற்றாவிடில் கப்பலுக்கு வேண்டிய ஆழம் இராது. ஆற்று வழியிலும் இதே இடர்ப்பாடுதான். வண்டலை அடித்துச் செல்லக் கங்கையின் நீரை ஹூக்ளிக்குத் திருப்பும் பொருட்டு எழுப்பப்பட்ட ஃபராக்கா அணை, 1975-இல் இயங்கத் தொடங்கியது.

நீரில் வண்டல் எவ்வளவு என்பதை ஒளியே அறிவிக்கும். 1865-இல் இத்தாலியரான செக்கி, வெண்ணிற வட்டத் தட்டொன்றை நீரில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிக்கும் முறையை வகுத்தார். எளிய இம்முறை இன்றும் வழக்கிலுள்ளது. கடல் நிறத்தை அளக்கும் கருவியுடன் 1999-இல் செலுத்தப்பட்ட ஓஷன்சாட்-1 செயற்கைக்கோளும், அதன் வழிவந்தவையும் அதே வேலையை விண்ணிலிருந்து செய்தன. ஆற்று வண்டல் கடலில் எவ்வளவு தூரம் பரவுகிறது, மீன்களுக்கு உணவளிக்கும் பாசி நுண்ணுயிர்கள் எங்கே செழிக்கின்றன என்பனவற்றை, நீரிலிருந்து திரும்பும் ஒளியின் நிறங்களைப் பிரித்தறிந்தே அவை கண்டன. 1921-இல் ராமன் கப்பல் தளத்தில் நின்று செய்ததும், வானிலுள்ள கருவி செய்வதும் அடிப்படையில் ஒன்றே: மேற்பரப்பில் பிரதிபலித்த ஒளியை விலக்கிவிட்டு, நீருக்குள் சென்று மீண்ட ஒளியை மட்டும் விசாரித்தல்.