செரிப் பூவும் மான் கூட்டமும்: கொப்பன்ஹேகனில் இரு நாட்கள்

டென்மார்க்குக்கு வந்துசேர்ந்த எம்மவருட் பெரும்பாலோர் யூலன்ட் குடாநாட்டின் சிறு நகரங்களிலேயே குடியமர்த்தப்பட்டனர். ஹேர்ணிங்கிலும் பிரண்டவிலும் கால்நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தவர்களிற் பலருக்குத் தலைநகர் என்பது தூதரகத்துக்கும் விமான நிலையத்துக்கும் போய்வரும் இடம் மாத்திரமே. 1997இல் பெரிய பெல்ட் நீரிணையின் ஊடாகப் புகையிரதம் ஓடத் தொடங்கும்வரை இடையில் கப்பலேறவேண்டியும் இருந்தது. இன்று அந்தத் தடை இல்லை. ஆயினும் ஓய்வுக்காக அங்கு போய் இரண்டு நாள் தங்கியவர்கள் குறைவு.

இப்போது பிள்ளைகள் யப்பானுக்குப் போகவேண்டும் என்கிறார்கள். செரிப் பூக்களைப் பார்க்கவேண்டுமாம். நாரா நகரத்து மான்களையும் பார்க்கவேண்டுமாம். நல்ல ஆசைதான். ஆனால் நால்வருக்கு விமானச் சீட்டு வாங்குவது எல்லா வீட்டுக்கும் இயலுமானதன்று. புகலிடக் கோரிக்கைக்கு முடிவு வராமல் முகாமில் இருப்பவருக்கோ நாட்டின் எல்லையைத் தாண்டவே வழியில்லை. அவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். செரியும் மானும் கொப்பன்ஹேகனில் உண்டு. இரண்டையும் காணக் கட்டணமில்லை.

பிஸ்பபியேர் மயானத்தில் இருபுறமும் செரி மரங்கள் நிற்கும் பாதையொன்று இருக்கிறது. பெரும்பாலும் ஏப்ரல் கடைசியில் இரண்டு கிழமையளவு அது இளஞ்சிவப்புக் கூரையாகிவிடும். மயானமாவென்று முதியவர்கள் தயங்கக்கூடும். இந்நாட்டில் மயானமும் பூங்காவே. அங்கிருந்து நகரை நோக்கி வரும் வழியிலுள்ள அசிஸ்ரன்ஸ் மயானத்தில் கதாசிரியர் அன்டர்சன் துயில்கிறார். கோடையில் அதே புற்றரையில் மக்கள் பாயை விரித்துப் புத்தகம் வாசிக்கிறார்கள். கடலோர லாங்கலீனியாவில் நிற்கும் 200 செரி மரங்கள், அன்டர்சன் பிறந்த இருநூறாவது ஆண்டான 2005இல் ஹிரோஷிமாவின் வெதுப்பகமொன்றின் அதிபர் அன்பளிப்புச் செய்தவை. 2008 முதல் அங்கு செரிப் பூ விழாவும் நடந்துவருகிறது.

மான்களைக் காண நகரப் புகையிரதத்தின் சி தடத்திலேறிக் கடைசித் தரிப்பிடமான கிளாம்பன்போவில் இறங்கவேண்டும். நிலையத்தின் ஒருபுறம் கடற்கரை, மறுபுறம் டியூறஹேவன் என்னும் மான் வனம். சிவப்பு வாயிலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் ஏறத்தாழ 11 சதுரக் கிலோமீற்றர் ஓக் மரங்களும் புல்வெளியும், ஈராயிரம் மான்கள். அவற்றுள் சிக்கா எனப்படும் சிறு புள்ளிமான், நாராவில் திரியும் அதே யப்பானிய இனம். நாராவில் மான்களுக்கெனவே பிஸ்கற் விற்பார்கள்; இங்கே எதையும் கொடுக்கலாகாது. செப்டெம்பரிலும் ஒக்ரோபரிலும் ஆண் மான்கள் முழங்கும் காலத்திற் பிள்ளைகளை அருகே விடாதிருப்பது நன்று.

2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இந்த வனம் இடம்பெற்றது. அதற்கான காரணம் அரசர்களின் வேட்டைக்கலை. 1670இல் ஐந்தாம் கிறிஸ்தியான் மன்னர் வேட்டை நிலத்தைப் பெருப்பித்தபோது ஸ்ரொக்கறுப் என்ற கிராமம் குறுக்கே நின்றது. குடியானவர்களை எழுப்பி அனுப்பினார்கள்; வீடுகள் இடிக்கப்பட்டன. அவர்களின் கிணறுகளும் குளமும் இருந்த இடங்கள் இன்னும் தெரிகின்றன. மான்களைப் படம்பிடிக்க வருவோரில் எத்தனை பேர் அவ்விடத்தில் நிற்கிறார்களோ அறியேன். எம்மவர் நின்று பார்க்கவேண்டும்.

சாப்பாட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஏனெனில் இத்தகைய பயணத்துக்கு நாம் அழைக்கக்கூடிய விருந்தினர்களுள் எமது முஸ்லிம் நண்பர்களும் உளர். யாழ்ப்பாணத்திற் பெருநாள் வந்தால் சோனகதெருவிலிருந்து வட்டிலப்பம் அயல்வீடுகளுக்கு வரும். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் அம்மக்களை வடக்கிலிருந்து வெளியேற்றினர். அந்த அயலும் அத்தோடு போயிற்று. இன்று அவர்களில் ஒருவர் கொழும்பிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வந்து எம்மோடு தங்கினால், அவர் வெறும் தேநீரோடு எழும்பும்படி விடலாமா?

டேனிஷ் உணவு பன்றியில் தங்கியது. தங்குமிடங்களிற் காலையிற் பாணுக்குப் பூசத் தரும் லேவபொஸ்தாய், பன்றி ஈரலில் ஆனது. பொதிகளில் ‘ஸ்வீன’ என்றோ ‘கிறிஸ்’ என்றோ தொடங்கும் சொல் இருந்தால் வைத்துவிடுங்கள். பிள்ளைகளின் இனிப்புகளில் ஜெலற்றின் எதிலிருந்து வந்ததென்று எழுதப்படாவிடின் அதையும் தவிருங்கள். யப்பானிலும் இதே கவனம் தேவை: மீன் கறிதானே என்று எண்ணினால் அதிற் ‘மிரின்’ என்னும் அரிசி மது கலந்திருக்கும்.

கொப்பன்ஹேகனின் நோறபுறோ வீதிக்குப் போனால் கவலை பெரிதும் தீரும். துருக்கியரும் அராபியரும் பாகிஸ்தானியரும் நடத்தும் உணவகங்களும் இறைச்சிக் கடைகளும் வரிசையாக உள்ளன. பலகையில் ஹலால் என்றிருப்பினும் ஒரு கேள்வி கேட்பது முறை. டென்மார்க்கில் 2014 முதல் முன்கூட்டி மயக்காமல் விலங்கை அறுப்பதற்கு இடமில்லை. ஆகவே இங்கு அறுத்த ஹலால் இறைச்சி மயக்கிய பின் அறுத்தது. அதை ஏற்கும் முஸ்லிம்களும் உளர், ஏற்காதோரும் உளர்; பிற நாடுகளிலிருந்து மயக்காது அறுத்த இறைச்சி வருவதற்குத் தடையில்லை. கடைக்காரரிடம் கேளுங்கள், முடிவை விருந்தினரிடம் விடுங்கள். எமக்குப் பொருந்துவது அவருக்கும் பொருந்தும் என்று நாமே தீர்மானிப்பது உபசாரமன்று. வெள்ளிக்கிழமை சைவம் பிடிக்கும் எங்கள் ஆச்சிமாருக்கும் இங்கே குறையில்லை: பருப்புச் சூப்பும் கடலை வடை போன்ற ஃபலாஃபலும் கிடைக்கும்.

தொழுகைக்கு 2014இல் திறக்கப்பட்ட பெரிய பள்ளிவாசல், பிஸ்பபியேரிலிருந்து அதிக தூரமில்லை. நோறபுறோவின் சுப்பகீலன் பூங்காவிற் பல நாடுகளின் பொருட்களை நாட்டியிருக்கிறார்கள். அவற்றுள் யப்பானிய எண்காலிச் சறுக்கும் ஒன்று. பெரியவர்கள் தொழுதுவிட்டு வரும்வரை சிறுவர்கள் அங்கே சறுக்கலாம்.

செலவைக் குறைக்க விரும்புவோர் இரண்டாம் நாள் மதியத்துக்குச் சோறும் மீன் குழம்பும் சம்பலும் பெட்டியிற் கொண்டுபோகலாம். கிளாம்பன்போவிற் கடற்கரை மணலும் புல்லும் எல்லோருக்கும் திறந்தவை. காற்று மட்டும் பலமாக அடிக்கும். சித்திரை மாதமாயினும் தடித்த மேலங்கியை மறவாதீர்கள்.