பாரன்ஹீட் (வாசனைத் திரவியம்)

பாரன்ஹீட் என்பது பிரான்சு நாட்டின் கிறித்தியன் டியோர் நிறுவனம் 1988 ஆம் ஆண்டில் ஆண்களுக்காக வெளியிட்ட வாசனைத் திரவியம் ஆகும். சான்-லூயி சியூசாக், மிசேல் அல்மெராக் ஆகியோர் இதனை உருவாக்கினர். வெப்பநிலை அளவீட்டின் பெயரே இதற்கும் இடப்பட்டது.

மணம்

வயலட் மணம் நெடுங்காலமாகப் பெரும்பாலும் இனிய, மென்மையான பூமணமாகவே கையாளப்பட்டு வந்தது. பாரன்ஹீட்டில் அது பதனிட்ட தோல், மரம் ஆகியவற்றின் மணங்களோடு சேர்ந்து இருண்ட தன்மை பெறுகிறது. முகர்வோர் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது பெட்ரோல். உண்மையில் இதில் பெட்ரோல் இல்லை. வயலட் இலையின் பச்சை மணமும் தோல் மணமும் கூடுவதால் எழும் மயக்கமே அது. இதனாலேயே சிலர் இதை ஈடற்றது என்பர். வேறு சிலரோ அருகில் நிற்கவும் விரும்புவதில்லை.

கருத்து வேறுபாடு

வயலட் மணம் குறித்த வேறுபாட்டில் விருப்பு வெறுப்புக்கு அப்பால் உடற்கூறும் பங்கு கொள்கிறது. வயலட் பூவின் மணத்துக்கு முதன்மைக் காரணம் அயனோன்கள் என்னும் சேர்மங்கள். செருமானிய வேதியியலாளர்களான டீமன், குருகர் ஆகியோர் 1893 இல் இவற்றைச் செயற்கையாகத் தயாரித்தனர். ஓஆர்5ஏ1 என்னும் மரபணுவின் வேறுபாட்டால் பீட்டா-அயனோனைச் சிலர் நறுமணமாகவும், சிலர் புளித்த நெடியாகவும் உணர்கின்றனர் என்பது 2013 இல் நியூசிலாந்து ஆய்வாளர்களால் வெளியிடப்பட்டது. எனினும் பாரன்ஹீட்டின் பெட்ரோல் சாயலை விரும்புவோரும் வெறுப்போரும் ஒருங்கே உணர்கின்றனர்.

வயலட் இலை மணம் தரும் செயற்கைச் சேர்மங்கள் சில, தோல் ஒவ்வாமை காரணமாகப் பன்னாட்டு நறுமணச் சங்கத்தால் கட்டுப்படுத்தப்பட்டுள்ளன. பழைய குப்பிகளின் மணமே அடர்த்தியானது எனக் கூறி அவற்றைத் தேடி வாங்குவோரும் உளர்.